நாற்பதாம் எண் வீட்டின் பின்னறை

அறுபத்திரண்டு படிவங்களில் கடைசியாக மிஞ்சியது நாற்பதாம் எண் வீட்டுக்கானது. அது மீட்டரக்காவின் சொந்த வீடு. எதிரே கிளி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"முன்படி எத்தனைக்கா?"

"மூணு. கருங்கல்லு. நடுப்படி மட்டும் கொஞ்சம் குழிஞ்சிருக்கும். எங்கப்பா உட்கார்ந்து தேச்சது."

"தெருப்பக்கம் ஜன்னல்?"

"ரெண்டு. பழைய கம்பிதான். அதுல ஒண்ணு வளைஞ்சிருக்கும். என் தம்பி சின்ன வயசுல தலைய உள்ள விட்டுட்டான். தலை வந்துருச்சு, கம்பி வரல. இதெல்லாம் எழுதாத, சும்மா சொன்னேன்."

"எழுதிட்டேனே."

"அடிப்பாவி."

கிளி சிரிக்காமல் அதை அடித்தாள். கூரை, வாசக்கால், தரை, முற்றம் என்று வரிசையாக வந்து ஒன்பதாம் கேள்வியில் பேனா நின்றது. மூலக் கட்டிடத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்டவை எவை, எந்த ஆண்டில் என்று அது கேட்டது.

"அக்கா, பின்னாடி ரூம் இருக்கே."

"ஆமா. எழுது."

"எழுதணுமா? அது தெருவுல இருந்து பார்த்தா தெரியாது."

"தையல்காரர் வீட்டுத் தகரக் கொட்டகை தெருவுல இருந்து தெரியுதா? அத எழுதினோம்ல. அறுபத்தோரு வீட்டுக்குள்ள போய் மூலை முடுக்கெல்லாம் எழுதிட்டு, என் வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கண்ணு அவிஞ்சு போயிடுமா?"

"எந்த வருஷம்?"

"பதினாறு வருஷம் முன்னாடி, ஆவணி மாசம். அந்த மாசந்தான் ரீடிங் குபுக்குனு ஏறிச்சு. ரெண்டு விளக்கு, ஒரு மின்விசிறி. தம்பி கல்யாணம்."

கிளி எழுதினாள். மீட்டரக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரியாத அரசாங்க மொழியின் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். கிளி இடத்தைக் காட்டினாள். போட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. பிற்பாடு கிளி இந்தப் பேச்சை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். "எழுதணுமா" என்று ஒரு முறை கேட்டதோடு விட்டிருக்கக் கூடாது, இன்னொரு முறையும் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் அவளிடம் இல்லை. அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்ததும் மீட்டரக்காதான். "ரெண்டு பாஷை படிச்சிருக்கா, ஒண்ணுலயும் வாயத் திறக்க மாட்டேங்கிறா. ஊமைக்கிளி" என்றார். ஊமை உதிர்ந்து போய்க் கிளி தங்கிவிட்டது. பத்திரப்பதிவு எழுத்தர் ஒருவரிடம் மொழிபெயர்க்கும் வேலை பார்த்தாள். அதே தெருவில் பன்னிரண்டாம் எண் வீட்டு மாடியில் அம்மாவோடு வாடகைக்கு இருந்தாள்.

மீட்டரக்காவுக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை அடையாள அட்டையில்தான் பார்க்க முடியும். இருபத்திரண்டு வயதில் மின்கணக்கு எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, ஐம்பத்தைந்தில் ஓய்வு பெறும்வரை முப்பத்து மூன்று வருடம், தன் தெருவையும் சுற்றியிருந்த ஏழு தெருக்களையும் மாதாமாதம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். தோளில் பை, கையில் டார்ச் விளக்கு. சேர்ந்த புதிதில் கதவைத் திறந்தவர்கள், "ஆம்பளை யாரும் வரலையாம்மா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். "மீட்டருக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க. வழி விடுங்க" என்று உள்ளே போய்விடுவார்.

அந்தத் தெருவின் பழைய வீடுகளில் மீட்டர் வாசலில் இருக்காது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும், சமையலறைச் சுவரில் இருக்கும், ஒரு வீட்டில் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. எந்த வீட்டில் கட்டில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, எந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது என்று தெரியாத ஆளில்லை அவர். ஆனால் ஒரு வீட்டு நெருப்பை இன்னொரு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார் என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனாலேயே கதவுகள் திறந்தன.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், வீட்டுக்குள் வராமலே பொய்யாக எண்ணைக் குறித்துக்கொண்டு போனார் என்று ஒரு கடைக்காரர் அவர்மேல் புகார் எழுதினார். அன்று முதல் அலுவலகப் புத்தகத்தில் எழுதும் எண்களைத் தன் சின்ன நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். வருடத்துக்கு ஒன்று. முப்பத்து மூன்றும் அவர் கட்டிலுக்கடியில் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தன.

அவருடைய அம்மா இறந்தபோது தம்பிக்கு ஆறு வயது. அப்பா அதற்கப்புறம் முன்படியில் உட்கார்ந்ததைத் தவிர வேறெதுவும் பெரிதாகச் செய்யவில்லை. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் தம்பிக்குப் பரீட்சை வந்துவிடும். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுநரானான். அவன் கல்யாணத்துக்காகத்தான் கொல்லைப்புற மதிலை ஒட்டி அந்த அறை எழுந்தது. ஈரச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே மீட்டரக்கா பத்து நாள் விடுப்பு எடுத்தார். வேலைக்காலம் முழுக்க அவர் சேர்ந்தாற்போல் எடுத்த விடுப்பு அதுதான். அந்த அறையில் தம்பியும் அவன் மனைவியும் குடிபுகுந்தார்கள். பிறகு ஒரு மகள், ஒரு மகன். ஒரே அடுப்பு. நாத்தனாரும் தம்பி மனைவியும் பதினாறு வருடம் ஒரே சமையலறையில் இடித்துக்கொள்ளாமல் இருந்ததைத் தெருவே அதிசயமாகச் சொல்லும்.

தெருமுனையில் மூடிக் கிடந்த சோப்பு ஆலையை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கியது. அதை ஒட்டிய பதினோரு வீடுகளையும் வாங்கியது. பதினான்கு மாடியில் இரண்டு கட்டிடம், நானூறு வீடு என்று பலகை நட்டார்கள். லாரி திரும்புவதற்குத் தெருவை அகலமாக்க வேண்டும், அதற்கு இருபக்கமும் முன்படிகளை உடைக்க வேண்டும் என்றார்கள். தெருவாசிகள் சங்கம் வைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவரானார். பழைய தெரு என்று பழங்கட்டிடப் பாதுகாப்பு வாரியம் அறிவித்துவிட்டால் அங்கே இரண்டு மாடிக்குமேல் யாரும் கட்ட முடியாது. அந்த அறிவிப்பைக் கேட்டு மனுப் போட்டார்கள். கிளிதான் மொழிபெயர்த்தாள்.

விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். இது பழைய தெருவே அல்ல, முன்பக்கம் மட்டும் பழசு, உள்ளே ஒவ்வொரு வீடும் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது என்றார். அப்படியானால் வீடு வீடாக எது பழையது, எது புதியது, எப்போது வந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்று வாரியம் சொல்லிவிட்டது. சங்கம் கையைப் பிசைந்தது. பாதி வீடுகளுக்கு வரைபடமே கிடையாது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் நான்கு எல்லை மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் மீட்டரக்கா கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

அறை ஒன்று கூடினால் விளக்கு கூடும். விளக்கு கூடினால் எண் ஏறும். எந்த வீட்டில், எந்த வருடம், எந்த மாதம் எண் திடீரென்று ஏறி, பிறகு இறங்கவே இல்லை என்பது அந்த நாட்குறிப்புகளில் இருந்தது. பெட்டி வெளியே வந்தது. நான்கு மாதம் அவரும் கிளியும் வீடு வீடாகப் போனார்கள்.

"என்னக்கா, இன்னும் ரிட்டையர் ஆகலையா நீங்க?" என்று கதவைத் திறந்தவர்கள் கேலி செய்தார்கள். தையல்காரர் மட்டும், பின்புறத் தகரக் கொட்டகையில்தான் தன் இயந்திரங்கள் இருக்கின்றன, அதை எழுத வேண்டுமா என்று கொஞ்சம் இழுத்தார்.

"பல் டாக்டர்கிட்டப் போயிட்டு வாய மூடிக்கிட்டு உட்கார முடியுமா?" என்றார் மீட்டரக்கா. "எது புதுசுன்னு ஒத்துக்கிட்டாத்தான் மீதி பழசுன்னு நம்புவாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. மருந்துக்கடைக்காரருக்கும் பட்டது, கிளிக்கும் பட்டது.

வாரியத்தின் முடிவு எட்டு மாதம் கழித்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக்கடை வாசலில் தெருவே கூடி நின்றது. கிளி கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். தெரு பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது. கட்டுமான அனுமதி ரத்து. இவ்வளவு துல்லியமான பட்டியலை வாரியம் இதுவரை கண்டதில்லை. கைதட்டினார்கள். தையல்காரர் தன் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி, பதக்கம் போல மீட்டரக்காவின் கழுத்தில் போட்டார். மீட்டரக்கா வெட்கப்பட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறாவது பத்தியில் கிளியின் குரல் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கிளி மீட்டரக்காவைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தே சொன்னாள். பட்டியலில் ஒன்பதாம் கேள்வியின்கீழ் குறிப்பிடப்பட்டுள்ள, கடந்த ஐம்பது ஆண்டுக்குள் சேர்க்கப்பட்ட எல்லாக் கட்டுமானங்களும் ஓராண்டுக்குள் அகற்றப்பட வேண்டும். ஒரு வீடு அகற்றாவிட்டாலும் முழுத் தெருவின் பாதுகாப்பும் நீங்கும்.

யாரோ விரல் விட்டு எண்ணினார்கள். இருபத்தேழு வீடு.

"நம்ம கையாலேயே எழுதிக் குடுத்திருக்கோம்" என்றது ஒரு குரல். "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்ட கதை" என்றது இன்னொன்று. மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டார்கள். செய்யலாம், ஆனால் அது முடியும்வரை பாதுகாப்பு நிறுத்தி வைக்கப்படும் என்று ஏழாவது பத்தி சொன்னது. இடிக்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே ஆலைக்குள் நின்றன.

கூட்டம் கலைந்த பிறகு மீட்டரக்கா நாடாவைச் சுருட்டித் தையல்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. "ஏன்க்கா, முப்பத்து மூணு வருஷம் ஒரு வீட்டுப் பேச்ச இன்னொரு வீட்ல பேசாத ஆளு நீங்க. மொத்தத்தையும் ஒரே தாள்ல எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றார்.

மீட்டரக்கா வீட்டைப் பார்த்து நடந்தார்.

அன்று மாலை, நாற்பதாம் எண்ணுக்கென்று தனியாக வந்த அறிவிப்பைப் படித்துச் சொல்லக் கிளி போக வேண்டியிருந்தது. தம்பி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சீருடையோடு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லி முடித்ததும் அவன் அக்காவிடம் திரும்பினான்.

"நம்ம ரூமையுமா எழுதின?"

"ஆமாடா."

"யாராவது கேட்டாங்களா?"

"படிவத்துல கேட்டிருந்துச்சு."

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். "அண்ணி, எங்களப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சிருக்கலாம்ல."

"உங்கள நினைச்சுத்தாம்மா இத்தனையும். பிள்ளைங்களுக்கு இந்தத் தெரு இருக்கணும்னு."

"தெரு இருக்குக்கா" என்றான் தம்பி. "நாங்க எங்க இருக்கிறது?"

சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினான். பிறகு அவன், சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். அந்த நானூறு வீட்டில் அறுபது வீடு குறைந்த சம்பளக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்தார்களாம். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு முன்னுரிமையாம். அவன் பெயர் கொடுத்திருந்தான். பட்டியலில் ஒன்பதாவது ஆள்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ அந்தக் கட்டிடம் வரக்கூடாதுன்னு டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு வீடு வீடா ஏறிட்டிருந்த. வந்தா உன் கண்ணு முன்னாடியே இருக்கலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

முன்னறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன் என்றார் அக்கா. தம்பி தலையை ஆட்டினான். மகளுக்குப் பதினான்கு வயது. இருக்கிற இரண்டு அறையில் ஐந்து பேர் எத்தனை வருடம் இருப்பது? அக்கம்பக்கத்தில் வாடகைக்குத் தேடினார்கள். தெரு பாதுகாக்கப்பட்டதும் வாடகை ஏறியிருந்தது. கடைசியில் கிடைத்தது நகரத்தின் விளிம்பில், பேருந்து திரும்பும் இடத்துக்கும் அப்பால், ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு. போக ஒன்றரை மணி நேரம்.

வருடம் பாதி கழிந்தும் தெருவில் யாரும் ஒரு செங்கலைக்கூட எடுக்கவில்லை. நீ முதலில், நான் பிறகு என்று இருந்தார்கள். கடைசியில் மீட்டரக்காவே ஆள் கூப்பிட்டார். இரண்டு பேர், ஒன்றரை நாள். மின்இணைப்பைத் துண்டிக்கப் பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஊருக்கு முந்திப் பந்திக்கு உட்கார்ந்தால் பெருமை, ஊருக்கு முந்தி வீட்டை இடித்தால் என்ன பெயரோ என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். மீட்டரக்கா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அறையின் பின்சுவர் பழைய கொல்லை மதில்தான். அதனால் அதை இடிக்கவில்லை. மூன்று பக்கமும் கூரையும் போன பிறகு, வெட்டவெளியில் ஒரு பெரிய வெளிர்பச்சைச் சதுரம் மட்டும் நின்றது. தம்பி மனைவி தேர்ந்தெடுத்த நிறம். நாட்காட்டி மாட்டிய ஆணி, கட்டில் உரசிய கறுப்பு, கொடி கட்டிய கொக்கி எல்லாம் அதில் இருந்தன. சோதனைக்கு வந்த வாரிய அதிகாரி மரியாதையான இளைஞர். சுற்றிப் பார்த்துவிட்டு, மதில் மூலக் கட்டுமானம், வண்ணம் அப்படி இல்லை, அதையும் சுரண்டிவிட வேண்டும் என்று கிளியிடம் சொன்னார். கிளி மொழிபெயர்த்தாள்.

ஆள் வேண்டாம் என்று மீட்டரக்கா தானே சுரண்டினார். மூன்று வாரம் பிடித்தது. வேலைக்குப் போகும் வழியில் கிளிக்கு அந்தச் சத்தம் சந்து வழியாகக் கேட்கும். ஒரு நாள் உள்ளே போய்த் தானும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டாள். "நீ வேண்டாம், சட்டை பாழாயிடும்" என்றார் மீட்டரக்கா. தலைமுடியில், புருவத்தில் பச்சைத் தூள் படிந்திருந்தது. ஆணியை மட்டும் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். அப்புறம் அதையும் பிடுங்கினார்.

அவருடையது போன பிறகு மற்றவர்களுடையதும் ஒவ்வொன்றாகப் போயின. தெருமுனையில் உலோகப் பலகை வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து முன்படிகளைப் படம் எடுத்தார்கள். தையல்காரர் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு மைத்துனர் வீட்டுப் பக்கம் போய்விட்டார். தெருவில் யாரும் மீட்டரக்காவோடு சண்டை போடவில்லை. வாசலில் நின்று பேசினார்கள். உள்ளே வாங்க என்று சொல்வது மட்டும் நின்றுபோயிற்று.

தம்பி முதலில் வாரந்தோறும் வந்தான். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு தொலைபேசி. ஒரு மாலை கிளி அங்கே இருந்தபோது தம்பி மகள் பேசினாள். மீட்டரக்கா ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"அத்தை, இங்க லிஃப்ட் சரி பண்ணிட்டாங்க."

"அப்படியா? மீட்டரெல்லாம் எங்கடி இருக்கு?"

"கீழ ஒரு ரூம்ல மொத்தமா இருக்கு அத்தை. யாரும் வீட்டுக்குள்ள வரவே மாட்டாங்க."

"நல்லதுதான்" என்றார் மீட்டரக்கா. பேசி முடித்த பிறகும் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அதே நிறுவனம் இரண்டு தெரு தள்ளியிருந்த கயிற்றுக் கிடங்கை வாங்கியது. பன்னிரண்டு மாடி. அந்தத் தெருக்காரர்கள் மருந்துக்கடைக்காரரிடம் ஓடி வந்தார்கள். அவர் கிளியையும் அழைத்துக்கொண்டு நாற்பதாம் எண்ணுக்குப் போனார். அந்தத் தெருவுக்கும் மீட்டரக்காதானே கணக்கு எடுத்தவர். நாட்குறிப்புகள் வேண்டும் என்றார்.

"கரையான் அரிச்சிருச்சு" என்றார் மீட்டரக்கா.

"முப்பத்து மூணுமா?"

"முப்பத்து மூணுந்தான்."

அது இரும்புப் பெட்டி என்று கிளிக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். அவர் சரி என்று எழுந்துகொண்டார். பட்டியல் இல்லாவிட்டால் போகிறது, எதிர்ப்பு மனுவையாவது கிளி எழுதித் தரட்டும், திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்றார். கிளி சரி என்றாள்.

இரண்டு நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மீட்டரக்கா பன்னிரண்டாம் எண் மாடிப்படி ஏறி வந்தார். குடையை வெளியே சாய்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கூடவே தம்பியின் அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு. எப்படி வாங்கினாரோ, கிளி கேட்கவில்லை.

"கயிற்றுக் கிடங்குல கட்டறாங்கள்ல. சம்பளம் கம்மியா வாங்கறவங்களுக்கு எழுபது வீடாம். அவன் பேர்ல எழுதிக் குடு. அவனுக்குத் தெரிய வேண்டாம். கிடைக்கலேன்னா மறுபடியும் ஒரு ஏமாத்தம் எதுக்கு?"

"சரிக்கா."

"என் பேரு எங்கயும் வரக்கூடாது. அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு என் பேரு தெரியும். பார்த்தாங்கன்னா தூக்கிப் போட்டுருவாங்க."

கிளி படிவத்தைப் புரட்டினாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அக்கா, சங்கத்துக்கு அந்த எதிர்ப்பு மனுவ நான்தான் எழுதறேன். திங்கக்கிழமை போகுது."

"தெரியும். அதையும் எழுது. நல்லாவே எழுது. நீ ஒத்துக்கிட்ட வேலை அது." மீட்டரக்கா படிவத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "ஆனா இத முதல்ல அனுப்பிடு, கிளி. ஒரு நாளாவது முன்னாடி அனுப்பிடு."